நீளக் குழலும் குட்டைக் குழலும்

போன மார்கழியில் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தேன். எதிர் வீட்டு வேப்பமரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. ஆனால் மடியில் கிடந்த பஞ்சாங்கம் ஒரே கலங்கல். தூரம் தெரிந்தால் கிட்டம் தெரியாது, கிட்டம் தெரிந்தால் தூரம் தெரியாது. நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் பழகிய சங்கடம்தான்.

அன்றைக்கு என் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் துப்பாக்கிகளைப் பற்றிச் சொன்னவையும் வந்தன. ராணுவத் துப்பாக்கி இந்த இருநூற்றறுபது வருஷத்தில் நீளத்திலிருந்து குட்டைக்கு வந்த கதையை எழுதலாம் என்று தோன்றியது. அந்தக் கதையின் கடைசிப் பகுதி முழுக்கக் கண்ணைப் பற்றியதுதான்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் உண்டு. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்கீழ் வரும் லைசென்ஸ் விண்ணப்பங்கள் பல வருஷம் என் மேஜை வழியாகப் போயின. காட்டுப்பன்றிக்குப் பயந்து பயிரைக் காக்க ஒற்றைக்குழல் கேட்ட விவசாயிகள், தாத்தா வைத்திருந்த இரட்டைக்குழலைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்ட பேரன்கள், இப்படி. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் தயாரிப்பதும் எங்கள் வேலைதான். அப்புறம், சார்நிலைக் கருவூலத்து வாசலில் காவலுக்கு நிற்கும் போலீஸ்காரரின் கையில் இருந்ததைத் தினமும் பார்த்தவன் நான். அதை அவர் ‘மஸ்கட்’ என்பார். உண்மையில் அது பழைய 303 ரைபிளைப் போலீஸ் உபயோகத்துக்காக 410 குழலாக மாற்றியது.

இன்னொரு சம்பந்தம் வீட்டோடு. நான் பிறந்ததும் படித்ததும் புதுச்சேரியில். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். என் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் பிரெஞ்சு பென்ஷன் வாங்கியவர். ஜூலை 14 வந்தால் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். என்னையும் கூட்டிக்கொண்டு போவார். துப்பாக்கிகளைப் பற்றி அவர் சொன்னதைத்தான் பின்னாளில் புத்தகங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

கதையை நம் ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1760 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், வந்தவாசிக் கோட்டையைக் காக்கப் போகும் வழியில், படையோடு இங்கே உத்திரமேரூரில்தான் முகாம் போட்டிருந்தார். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் நம் ஊர்ப் பெயரை ‘அவுட்ரமலூர்’ என்று கொலை செய்திருப்பார்கள். செங்கல்பட்டு ஒரு பக்கம், வந்தவாசி ஒரு பக்கம், நடுவில் நாம். ஜனவரி 22 அன்று வந்தவாசியில் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதினார்கள். லாலி தோற்றார். தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் கனவு அன்றோடு முடிந்தது.

அன்று இரண்டு பக்கமும் பிடித்திருந்தது நெடிய மஸ்கட். குழல் மட்டும் மூன்றரை அடிக்குக் குறையாது. உள்ளே வழவழவென்று இருக்கும், புரி கிடையாது. ஆங்கிலேயர்களின் ‘பிரவுன் பெஸ்’ஸில் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்கும் பின்குறியே இல்லை. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைப்பது வீண். அதனால்தான் வந்தவாசியில் லொரேன் ரெஜிமென்ட் நெருங்கி வந்தபோது, கூட்டின் ஆட்கள் ஐம்பது கஜம் வரும்வரை சுடாமல் காத்திருந்து, பிறகு ஒரே நேரத்தில் சுட்டார்கள். ஐம்பது கஜம் என்பது நம் சன்னதித் தெருவில் பாதிகூட இல்லை.

அப்படியானால் அவ்வளவு நீளம் எதற்கு? மூன்று காரணம் உண்டு. ஒன்று, அந்தக் காலத்துக் கரிமருந்து எரிந்து முழு வேகம் கொடுக்க நீளக் குழல் வேண்டியிருந்தது. இரண்டு, சிப்பாய்கள் இரண்டு மூன்று வரிசையாக நின்று சுடுவார்கள். பின்வரிசைக்காரனின் குழல்முனை முன்வரிசைக்காரனின் காதுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது, தாண்டி நீண்டிருக்க வேண்டும். மூன்று, முனையில் பயனெட் மாட்டினால் அதுவே ஈட்டி. குதிரைப்படை பாய்ந்து வரும்போது உயிர் காப்பது அந்த ஈட்டிதான்.

குதிரைமேல் இருப்பவனுக்கு இந்த நீளம் உதவாது. அவனுக்காகக் குழலை வெட்டிச் செய்த குட்டைத் துப்பாக்கிதான் கார்பைன். பிரெஞ்சில் ‘கராபீன்’. ஆக ஆரம்பத்தில் வித்தியாசம் எளிமையானது. நடப்பவனுக்கு நீளம், சவாரி செய்பவனுக்குக் குட்டை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழலுக்குள் திருகாணிபோல் புரி வெட்டினார்கள். குண்டு பம்பரம்போல் சுழன்றுகொண்டே போனால் வழி தவறாது. அதுதான் ரைபிள். 1849இல் மினியே என்ற பிரெஞ்சுக்காரர் புரிக்குழலில் சுலபமாக இறங்கும் குண்டைக் கொடுத்தார். அந்த வகைக் குண்டு போட்ட 1853ஆம் வருஷத்து என்ஃபீல்டின் கொழுப்புத் தடவிய தோட்டாதான் 1857இல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது என்பது நம் பள்ளிப் பாடம். இப்போது நூற்றுக்கணக்கான கஜத்துக்கு அப்பால் குறிவைக்க முடிந்தது. குறிவைக்க முடிந்ததால் நீளத்துக்கு நாலாவதாக ஒரு காரணம் சேர்ந்தது. அது கண் சம்பந்தப்பட்டது, பின்னால் வருகிறேன்.

1886இல் பிரெஞ்சு ராணுவம் லெபெல் ரைபிளைக் கொண்டுவந்தது. புகையில்லா மருந்தில் சுட்ட முதல் ராணுவ ரைபிள் அதுதான். நீளம் 1.30 மீட்டர். ஊசிபோன்ற பயனெட்டையும் மாட்டினால் ஓர் ஆள் உயரம். அந்த பயனெட்டுக்குச் சிப்பாய்கள் வைத்த செல்லப் பெயர் ‘ரோசாலி’. அதே ராணுவம் பீரங்கிக்காரர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் பெர்த்தியே ‘மூஸ்கெத்தோன்’ என்று ஒன்றைக் கொடுத்தது. அது ஒரு மீட்டருக்கும் குறைவு. தாத்தா காலத்து ஆட்கள் இரண்டையும் தூக்கியிருக்கிறார்கள். “லெபெலைத் தூக்கறவன் மூஸ்கெத்தோன் வெச்சிருக்கறவனப் பாத்து வயிறெரிவான்” என்பார் பெரியப்பா.

ஆங்கிலேயர்கள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு போரிட்டு முடித்த கையோடு, 1902-03 வாக்கில், காலாட்படைக்கு ஒன்று, குதிரைப்படைக்கு ஒன்று என்ற வழக்கத்தையே விட்டார்கள். இரண்டுக்கும் நடுவாக ஒரே ரைபிளைச் செய்தார்கள். பழையதன் குழல் 30 அங்குலம், புதியது 25. பெயரிலேயே ‘ஷார்ட்’ உண்டு. குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் நம் இந்தியச் சிப்பாய்கள் முதல் உலகப் போர் முழுக்கத் தூக்கியது அந்த வகையைத்தான். வங்காளத்து ஈசாப்பூர் தொழிற்சாலையில் அது பல்லாண்டு உற்பத்தியானது. நாம் ‘திரீ நாட் திரீ’ என்று சொல்வது இதைத்தான்.

குட்டையாக்குவதில் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் அவர்களே கண்டார்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944இல், தென்கிழக்காசியக் காடுகளை மனதில் வைத்து 303இலேயே ஒரு ‘காட்டுக் கார்பைன்’ செய்தார்கள். நாலு கிலோ ரைபிள் மூன்றேகால் கிலோவுக்கு இறங்கியது. தோளில் மாட்டினால் கொடியில் சிக்காது. ஆனால் குண்டு அதே பெரிய குண்டு. சுட்டால் தோளில் கழுதை உதைத்த மாதிரி இருக்கும். முனையில் கண்ணைப் பறிக்கும் தீச்சுடர் எழும்; அதை மறைக்கப் புனல்போல் ஒன்று மாட்டினார்கள். இன்று நேராகச் சுட்டது நாளை சற்றே விலகிச் சுடுகிறது என்ற புகாரும் வந்தது. 1947க்குப் பிறகு அதைச் செய்யவில்லை. குழலைக் குட்டையாக்கினால் தோட்டாவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பது பாடம்.

அமெரிக்கர்கள் அதைச் செய்திருந்தார்கள். அவர்களுடைய எம்-1 கார்பைனுக்கென்றே சின்னத் தோட்டா. எடை இரண்டரை கிலோதான். இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படைக்கு அது நிறையக் கிடைத்தது. பெரியப்பாவுக்கு முதலில் கிடைத்தது பிரெஞ்சு மாஸ்-36 ரைபிள். ஐந்து தோட்டா, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுட வேண்டும். பிறகு இந்த அமெரிக்கக் கார்பைன். வயல் வரப்பிலும் மூங்கில் காட்டிலும் அதைவிட்டால் வேறொன்றும் வேண்டாம் என்பார். ஆனால் “ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு அது கல்லெறி மாதிரிதான்” என்றும் சொல்வார். ஒரே வாக்கியத்தில் ரைபிளுக்கும் கார்பைனுக்கும் உள்ள வித்தியாசம் அடங்கிவிட்டது.

1952இல் அமெரிக்காவில் ஹிட்ச்மன் என்பவர் ஓர் ஆய்வறிக்கை எழுதினார். காலாட்படைச் சிப்பாய் சண்டையில் ரைபிளை உபயோகிப்பது பெரும்பாலும் 300 கஜத்துக்குள்தான், நூறு கஜத்தைத் தாண்டினாலே சராசரி ஆளின் குறி வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்றார். துப்பாக்கியால் எட்டாதது காரணம் அல்ல. மனிதனால் எட்டாததுதான் காரணம். பயமும் மூச்சிரைப்பும் கண்ணும் சேர்ந்து செய்யும் வேலை அது.

இப்போது அந்த நாலாவது காரணத்துக்கு வருகிறேன். சாதாரணத் துப்பாக்கியில் குறிபார்க்க, குழல் முனையில் ஒரு சின்ன முளையும் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வெட்டோ துளையோ இருக்கும். வெட்டு, முளை, எதிரில் இருக்கும் ஆள் ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். கண்ணால் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். முளையைத் தெளிவாகப் பார்த்தால் ஆள் கலங்குவான். ஆளைப் பார்த்தால் முளை கலங்கும். என் பஞ்சாங்கமும் வேப்பிலையும் மாதிரி.

இந்த வெட்டுக்கும் முளைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இடைவெளி 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முளையை அரை மில்லிமீட்டர் தவறாக வைத்தால், 300 மீட்டரில் குண்டு சுமார் 19 சென்டிமீட்டர் விலகும். மார்பின் நடுவைக் குறிவைத்தது விலாவில் படும். இடைவெளி 40 சென்டிமீட்டர் என்றால் அதே அரை மில்லிமீட்டர்த் தவறு 37 சென்டிமீட்டருக்கு மேல் விலக்கிவிடும். குண்டு ஆளையே தொடாது. நீளத் துப்பாக்கி நேராகச் சுடும் என்ற பேச்சில் இருக்கும் உண்மையில் பெரும்பங்கு இதுதான். குழலைவிட, குறிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் வேலை செய்கிறது.

தொலைநோக்கிக் கண்ணாடி, அதாவது ஸ்கோப், இந்தக் காரணத்தை ஒரே அடியில் அழித்துவிட்டது. கண்ணாடிக்குள் குறுக்குக்கோடும் எதிரிலிருப்பவனும் ஒரே தளத்தில் தெரிவார்கள். வரிசைப்படுத்த வேண்டிய மூன்று ஒன்றாகிவிட்டது. குழல் நீளமா குட்டையா என்பது கண்ணுக்கு ஒரு பொருட்டே இல்லை. தெரிவதும் பெரிதாகத் தெரியும்.

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் ஜெர்மானியர்கள் இதில் முந்திக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் லெபெல் மேலேயும் ஒரு கண்ணாடியைப் பொருத்தினார்கள். இரண்டாம் போரில் ஆங்கிலேயர்கள் தேர்ந்தெடுத்த 303களுக்கு மூன்றரை மடங்கு காட்டும் கண்ணாடி மாட்டினார்கள். ஆனால் அதெல்லாம் குறிபார்த்துச் சுடும் தனி ஆட்களுக்கு மட்டும். சாதாரணச் சிப்பாய்க்குக் கண்ணாடி வர 1970களின் கடைசி ஆனது. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ரைபிளில் ஒன்றரை மடங்கு காட்டும் கண்ணாடி, தூக்கும் கைப்பிடியிலேயே அமைந்திருந்தது. பிறகு ஆங்கிலேயர்கள் நாலு மடங்குக் கண்ணாடியைக் காலாட்படைக்குக் கொடுத்தார்கள். கிட்டத்துச் சண்டைக்கு, பெரிதாக்காமல் ஒரு சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் கண்ணாடி ஸ்வீடனிலிருந்து வந்தது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே பார்க்கலாம். அமெரிக்கர்கள் 51 சென்டிமீட்டர்க் குழல் எம்-16ஐ விட்டு 37 சென்டிமீட்டர்க் குழல் எம்-4 கார்பைனுக்கு மாறியபோது, மேலே கண்ணாடி இருந்ததால் குறியில் பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை.

நம் நாட்டுக் கதையும் இதே தடம்தான். 1962இல் சீன எல்லையில் நம் ஜவான்கள் கையில் இருந்தது, ஒவ்வொரு குண்டுக்கும் இழுத்துச் சுட வேண்டிய 303. அந்த அடிக்குப் பிறகுதான் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் 7.62 எஸ்.எல்.ஆர். ஈசாப்பூரில் தயாரானது. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்ததும் அந்த 1960களில்தான். எஸ்.எல்.ஆர். நெடியது, 1.14 மீட்டர், பலமான குண்டு. கூடவே குட்டைக்கு ஸ்டெர்லிங் என்ற 9 மில்லிமீட்டர்க் கார்பைன், கான்பூரில் செய்தது. போலீஸ் ஜீப்பில் நாம் பார்த்த ‘கார்பைன்’ இதுதான். உண்மையில் அது கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சடசடவென்று சுடும் வேறு சாதி. நம் ஊரில் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

1990களில் 5.56 மில்லிமீட்டர் இன்சாஸ் வந்தது. சின்னக் குண்டு, 46 சென்டிமீட்டர்க் குழல். 1999இல் கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். இருபது வருஷம் கழித்து, 2019இல், அமெரிக்காவிலிருந்து 72,400 சிக்-716 ரைபிள்கள் வாங்க ஒப்பந்தமானது. அதில் மறுபடியும் பெரிய 7.62 குண்டு. ஆனால் குழல் எஸ்.எல்.ஆரைவிடப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குட்டை. அமேதி மாவட்டம் கோர்வாவில் செய்யும் ஏகே-203இன் குழலும் 42 சென்டிமீட்டருக்குள்தான். 2021இல் நம் திருச்சித் தொழிற்சாலையும் ‘திரிகா’ என்ற குட்டைக் கார்பைனை வெளியிட்டது. இந்தக் காலத் துப்பாக்கிகளின் படத்தைப் பாருங்கள்: மேலே பல் பல்லாக ஒரு பட்டை இருக்கும். கண்ணாடி மாட்டுவதற்கென்றே வைத்தது அது.

அப்படியானால் கண்ணாடி மாட்டிய குட்டைத் துப்பாக்கி ஜெயித்துவிட்டது, நீளம் தோற்றது என்று முடித்துவிடலாமா? முடியாது. குழல் குட்டையானால் குண்டின் வேகம் குறையும். அதே 5.56 தோட்டா எம்-16இலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 950 மீட்டரில் கிளம்பினால், எம்-4இலிருந்து 900 மீட்டரை ஒட்டித்தான் கிளம்பும். தூரம் போகப் போக அந்த நஷ்டம் பெரிதாகும். கண்ணாடி கண்ணுக்குத்தான் உதவும், குண்டுக்கு உதவாது. பனி பிடிக்கும், மழையில் மங்கும், வெயிலில் பளிச்சிட்டுக் காட்டிக்கொடுக்கும். பெரிதாகக் காட்டும் கண்ணாடி பக்கவாட்டில் வருபவனை மறைக்கும். மலை உச்சிகளில் நிற்கும் நம் ஆட்களுக்கு மறுபடி பெரிய குண்டைக் கொடுத்த காரணம் இங்கேதான் இருக்கிறது. பெரியப்பாவின் ஆறு எங்கே இருக்கிறது, சிப்பாய் அதற்கு எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

இன்னொரு விஷயம் எந்தப் புத்தகத்து ஒப்பீட்டுப் பட்டியலிலும் இல்லை. பெரியப்பா சொன்னது.

இந்தோசீனாவில் கடைசிக் காலத்தில் அவருக்குச் சில வாரம் கண்ணாடி மாட்டிய மாஸ்-49 ரைபிள் கொடுத்தார்கள். நன்றாகக் குறிவைப்பவர் என்று பெயர் எடுத்திருந்தார். அதுவரை அவர் சுட்டதெல்லாம் அசையும் நிழலை, புதரை, சத்தம் வந்த திசையை. ஒரு நாள் காலை ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி வழியே பார்த்தால், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறான். நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறான். பக்கத்தில் துப்பாக்கி கிடக்கிறது.

நான் அப்போது லிசேயில் படிக்கும் பையன். “சுட்டீங்களா பெரியப்பா?” என்று கேட்டுவிட்டேன்.

“சுட்டேன். அதுக்குத்தானேடா சம்பளம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மறுநாளே கப்பிதேன்கிட்ட போய்க் கண்ணு மங்குதுன்னு சொல்லி அதத் திருப்பிக் குடுத்துட்டு, என் கராபீனை வாங்கிக்கிட்டேன்” என்றார்.

அவர் கண்ணில் அப்போது ஒரு கோளாறும் இல்லை. எண்பது வயதுக்கு மேல்தான் உண்மையாகவே புரை விழுந்தது. எடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். வேண்டாம், இந்தளவு தெரிந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். கடைசிவரை எடுக்கவில்லை.

நம் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறீர்கள். 303இல் ஆரம்பித்து இன்சாஸில் முடித்தவர்களும் இருப்பீர்கள். நான் எழுதியதில் பிழை கண்டால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். இடது கண்ணுக்கு வைகாசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அது முடிந்து படிக்கும் கண்ணாடி வந்ததும் அடுத்ததை எழுதுகிறேன்.